ஆல்பத்தில் பிசுபிசுக்கும் பழைய பணநோட்டுகள்: எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது

“பழைய நோட்டுகளுக்கு எந்த ஆல்பம் வாங்கலாம்?” என்றுதான் உங்கள் கேள்வி தொடங்குகிறது. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கவலை வேறு என்று தெரிகிறது. தாத்தா சேர்த்துவைத்த நூற்றுச் சொச்சம் பலநாட்டு நோட்டுகள். பிளாஸ்டிக் பைகள் கொண்ட பழைய ஆல்பம். சில பக்கங்களில் எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுப்பு. இரண்டு மூன்று நோட்டுகள் பையோடு ஒட்டியே போய்விட்டன. வேறு சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள். இதற்கு நடுவே ஒருவர் லேமினேட் செய்துவிடச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறார். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு. கெடுவது இத்தோடு நிற்குமா? கெட்டதைச் சரிசெய்ய முடியுமா? முதலாவதற்குப் பதில், பெரும்பாலும் நிறுத்திவிடலாம். இரண்டாவதற்கு, பெரும்பாலும் முடியாது. வீட்டில் முயன்றால் இன்னும் கெடும். நான் காகித ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி பெற்று அந்த வேலையிலேயே காலம் தள்ளுபவன், கூடவே நோட்டு சேர்க்கும் கிறுக்கும் உண்டு. ஆனாலும் உங்கள் நோட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல், நீங்கள் எழுதியதை வைத்தே பதில் சொல்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. நோட்டுக் காகிதம் நாம் நினைப்பதைவிட உறுதியானது. செய்தித்தாள் மரக்கூழில் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் காற்றும் ஒளியும் பட்டு அமிலமாகி, சில ஆண்டுகளிலேயே தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். நோட்டுக் காகிதம் பெரும்பாலும் பருத்தி நாரில் ஆனது. அமெரிக்க டாலர் தாளில் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன். சீனாவில் மிங் அரசு 1375இல் வெளியிடத் தொடங்கிய நோட்டுகள் மல்பெரி மரப்பட்டை நாரில் செய்தவை. முக்கால் முழ நீளமுள்ள அந்தப் பெரிய தாள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நல்ல நார்த் தாள், அதைச் சுற்றி நாம் வைக்கும் பொருளாலும் அதற்கு நாம் செய்யும் ‘உதவி’யாலும்தான் அதிகம் கெடுகிறது. இதற்கு விதிவிலக்கு போர்க்காலத்திலும் நெருக்கடியிலும் அவசரத்துக்கு அடித்த பணம். முதல் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் வெளியிட்ட நோட்கெல்ட் தாள்களில் பலவும் மலிவான மரக்கூழ்க் காகிதம். அவை தாமாகவே பழுத்து ஒடியும். (அதே நோட்கெல்டில் பீலஃபெல்ட் நகரம் பட்டுத் துணியிலும் பணம் அச்சடித்தது. அது கிடைத்தால் அதைத் துணியாகத்தான் பராமரிக்க வேண்டும்.) அதனால் ஆல்பத்தைப் பிரித்ததும் முதல் வேலையாக நார்த்தாள் நோட்டுகள், மலிவுத் தாள் நோட்டுகள், பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டுகள் என்று மூன்று கட்டாகப் பிரித்துவிடுங்கள். மலிவுத் தாளும் நல்ல தாளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. அமிலம் தாளுக்குத் தாள் தாவும்.

இனி அந்தப் பிசுபிசுப்பு. ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம், உங்கள் ஆல்பப் பைகள் பி.வி.சி. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும்படி செய்ய எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். ஆண்டுகள் போகப் போக, வெக்கையில் இன்னும் வேகமாக, அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெளியே வரும். நோட்டின் மை அதில் இளகும், தாள் அதை உறிஞ்சி ஆங்காங்கே கண்ணாடிபோல் ஆகும். கூடவே பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிப்படுகிறது. அதே ஆல்பத்தில் நாணயங்களும் இருந்தால் அவற்றின் மேல் பச்சையாக ஒரு பிசின் படிந்திருக்கும், பார்த்தாலே புரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் சோதிக்க வழி உண்டு. மூக்கே முதல் கருவி: புது மழைக்கோட்டைப் பிரித்ததும் அடிக்கும் அந்த வாசனை வந்தால் அது பி.வி.சி. அடுத்து, பையின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் அமிழ்த்திவிடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன், பயமில்லை. மூழ்கினால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்: பி.வி.சி.யும் மூழ்கும், மிக நல்ல பொருளான பாலியெஸ்டரும் மூழ்கும். அந்த இரண்டையும் பிரிப்பது செம்புக் கம்பிச் சோதனை. கம்பியைச் சுடரில் காட்டிச் சிவக்கச் சுட்டு, பிளாஸ்டிக் துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால் பி.வி.சி. பளிச்சென்று பச்சையாக எரியும். வரும் புகை நல்லதல்ல. இதைத் திறந்த வெளியில், வெறும் பைத் துண்டை வைத்து மட்டும் செய்யுங்கள். நோட்டு அந்தப் பக்கமே வரக் கூடாது.

புதிதாக வாங்கும்போது உறையின் மேல் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சொல் காகிதத்துக்குத்தான் பொருந்தும். பிளாஸ்டிக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. என்ன பொருள் என்று கேளுங்கள். மேல்பூச்சு இல்லாத பாலியெஸ்டர் முதல் தரம். சேகரிப்பாளர்கள் ‘மைலார்’ என்று பழக்கத்தில் சொல்வது இதைத்தான், காப்பகங்கள் நம்பி வாங்குவது மெலினெக்ஸ் 516 போன்ற வகை. பாலிப்ரொப்பிலீன் அடுத்தது, ஆல்பப் பக்கங்களுக்கு அதுவே போதும். பொருள் எது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் வாங்காதீர்கள். உறை நோட்டைவிட நான்கு பக்கமும் சில மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும்; இறுக்கமான உறையில் நுழைக்கும்போதுதான் மூலை மடங்கும். மூலை போனால் கிரேடு (நோட்டின் நிலைக்குத் தரும் தரமதிப்பு) போயிற்று. நீளவாக்கில் திறக்கும் உறை எனக்குப் பிடிக்கும், குறைந்த தூரமே தள்ள வேண்டும். ஓர் உறைக்கு ஒரு நோட்டு. முதுகோடு முதுகாக இரண்டை வைத்தால் ஒன்றின் மை மற்றதில் பதியும் ஆபத்து உண்டு. ஆல்பத்தின் வளையம் முழு வட்டமாக இல்லாமல் டி வடிவில் இருந்தால் பக்கங்கள் வளையாமல் அடுக்கும். பார்ப்பதைவிடப் பாதுகாப்பதுதான் நோக்கம் என்றால் ஆல்பமே வேண்டாம்: உறையிலிட்ட நோட்டுகளைப் பெட்டியில், சரியாமல் நிற்கும் அளவுக்கு நெருக்கமாக நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் சில தாள்கள் உயரத்துக்குப் படுக்கவையுங்கள். குறிப்பு எழுத வேண்டுமென்றால் தனிச் சீட்டில் எழுதி உறைக்குப் பின்னால் வையுங்கள். நோட்டு உள்ளே இருக்கும்போது உறைமேல் பேனாவை அழுத்தினால் எழுத்து அப்படியே தாளில் பள்ளமாகப் பதிந்துவிடும்.

உறையை நாலாபுறமும் அடைத்துவிடுவதா, ஒரு பக்கம் திறந்துவைப்பதா என்பதில் எங்கள் துறையிலேயே ஒருமித்த பேச்சு கிடையாது. தூசி, விரல், பூச்சி எதுவும் அண்டாது என்பது அடைப்பதன் லாபம். ஆனால் அமிலத்தன்மை உள்ள தாளைப் பாலியெஸ்டரில் முழுக்க அடைத்தால் அதிலிருந்து வரும் ஆவி உள்ளேயே தங்கி, திறந்திருக்கும் தாளைவிட வேகமாக முதுமை அடைகிறது என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வகச் சோதனைகள் காட்டின. நல்ல நார்த்தாள் நோட்டை அடைத்துவைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது என் எண்ணம். பழுத்த மலிவுத் தாள்களுக்கு ஒரு பக்கம் திறந்த உறைதான் சரி, பின்னால் காரத்தன்மையுள்ள காப்பகத் தாள் ஒன்றையும் வைக்கலாம். கிரேடு செய்யும் நிறுவனங்கள் நோட்டை அடைத்துத் தரும் விறைப்பான உறைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கையாளுவதற்கு அவை நல்ல பாதுகாப்பு. அதற்குள் போய்விட்டால் ஈரமும் வெயிலும் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஈரம் என்றதும் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உறைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைச் சேகரிப்பாளர்கள் ஈரப்பதத்துக்குக் காட்டினால் எங்களுக்கு வேலையே குறைந்துவிடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் தாளுக்கு நல்லது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு வந்துவிடும். அதைவிட மோசம் ஏறி இறங்குவது. தாள் ஈரத்தை வாங்கி விரியும், விட்டுச் சுருங்கும். மையும் தாளும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் அலையலையாக நெளியும். கையால் மையில் ஒப்பமிட்ட பழைய நோட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த மை இரும்பும் மாசிக்காயும் சேர்த்துச் செய்ததாக இருந்தால், ஈரம் கூடும்போதெல்லாம் கையெழுத்தின் கோட்டிலேயே தாளை அரித்துத் தின்னும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்து கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறி, சுற்றிலும் ஒரு மங்கலான வளையம் தெரிந்தால் அந்த நோட்டை முதலில் வறண்ட இடத்துக்கு மாற்றுங்கள்.

ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள், மலிவான எண்காட்டி வகையே போதும். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரையக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒன்றோடொன்று தொடாமல் ஒரு ஜிப் பையில் அடைத்து ஓர் இரவு விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும், அது இயற்பியல். உங்கள் கருவி 69 காட்டினால் அது 6 குறைவாகக் காட்டுகிறது என்று எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஈரம் அதிகம் என்றால் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போடலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாதது. ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். அள்ளிக் கொட்டவும் கூடாது. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தாள் விறைத்து, மடிப்புள்ள இடத்தில் வெடிக்கும். ஜெல் நோட்டின்மேல் நேராகவும் படக் கூடாது.

எங்கே வைப்பது? மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறை, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, தரையோடு தரையாக இருக்கும் இழுப்பறை, இவை வேண்டாம். மரப்பெட்டியும் மர பீரோவும் அசெட்டிக் அமில ஆவியை விடும், புது மரமும் ஒட்டுப்பலகையும் இன்னும் அதிகம். நன்றாக வண்ணம் காய்ந்த இரும்பு பீரோ மேலானது. தீ தாங்கும் பெட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். அதன் சுவருக்குள் இருப்பது நீரைப் பிடித்துவைத்திருக்கும் ஜிப்சம் அல்லது சிமென்ட் கலவை. தீப்பிடித்தால் நீராவியை விட்டுக் குளிர்விப்பதற்காக வைத்தது. தீ இல்லாத நாளிலும் அது உள்ளே ஈரத்தைக் கூட்டும். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை: ‘காகிதத்துக்கு’ என்று தரச்சான்று பெற்ற பெட்டி உள்வெப்பத்தை 177 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்தினால் போதும் என்பதுதான் விதி. காகிதம் அதில் தப்பிக்கும். பாலிப்ரொப்பிலீன் உறையோ 160, 165 டிகிரியிலேயே உருகி நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் 250 வரை உருகாது. அருமையான நோட்டுகளைத் தீப்பெட்டகத்தில் வைப்பதாக இருந்தால் உறை பாலியெஸ்டராகவே இருக்கட்டும்.

பூச்சிக்கு அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், உங்கள் நெஞ்சுக்கும் நல்லதில்லை. வெள்ளிப்பூச்சி ஈரத்தையும் தாளின் பசைப்பூச்சையும் தேடித்தான் வருகிறது. ஈரத்தைக் குறைத்தால் அதுவும் குறையும். பூச்சி அரித்த கட்டு கைக்கு வந்தால் அதைப் பாலித்தீன் பையில் காற்றை நீக்கி அடைத்து, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் பனித்துளி நோட்டின்மேல் படியும்.

சுவரில் சட்டம் போட்டு மாட்ட ஆசை என்றால் நல்ல வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். ஒளியால் மங்குவது கூடிக்கொண்டே போகும் சேதம். இருட்டில் வைத்தால் பழைய நிறம் திரும்பாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கவைக்கும். இதனால்தான் அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சத்தில், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும் வைக்கின்றன. ஸ்கேன் எடுப்பதால் வரும் ஒளி பொருட்படுத்த வேண்டியதில்லை. தட்டை ஸ்கேனரில் இருபுறமும் எடுத்து, வரிசை எண்ணோடு பதிவு செய்யுங்கள். தாளை இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனர் மட்டும் வேண்டாம்.

இப்போது அந்த அறிவுரைகளுக்கு வருவோம். லேமினேஷன் செய்தால் சூடான பசை நாருக்குள் இறங்கிவிடும். பிறகு அது நோட்டு இல்லை, அட்டை. செலோடேப்பும் அப்படியே: நாடா உதிரும், பசை பழுப்பாகத் தங்கிவிடும். இஸ்திரியும் கழுவலும்தான் பலரைக் கவர்கின்றன, ஏனென்றால் செய்த மறுநிமிடம் நோட்டு அழகாகத் தெரியும். பெரும்பாலான பழைய நோட்டுகள் இன்டாக்லியோ முறையில் அச்சிட்டவை. நகத்தால் மெல்ல வருடினால் மை மேடாக நிற்பதை உணரலாம். இஸ்திரிப்பெட்டி அந்த மேட்டைத் தட்டையாக்கிவிடும். தண்ணீரில் நனைத்தால் தாளுக்கு மொடமொடப்பைத் தரும் பசைப்பூச்சு கரைந்து, நோட்டு துணிபோல் துவளும். சோப்புத்தூள் போட்டிருந்தால் மறைக்கவே முடியாது: நோட்டுத் தாளில் வெண்மையூட்டி கிடையாது, அதனால் புற ஊதா விளக்கில் அது மங்கலாகவே தெரிய வேண்டும். சோப்பில் முங்கிய நோட்டு அந்த விளக்கில் நீலமாக மினுங்கும். அனுபவமுள்ள வாங்குபவர் முதலில் செய்வதே இந்தச் சோதனைதான். மடிப்போடு இருக்கும் நேர்மையான நோட்டை, இஸ்திரி போட்ட நோட்டைவிட மேலாகத்தான் எல்லோரும் மதிப்பார்கள். பழுப்புப் புள்ளிகளை என்ன செய்வது என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். அவை பூஞ்சையாலா, தாளிலுள்ள இரும்புத் துகளாலா, இரண்டும் சேர்ந்தா என்பது புள்ளிக்குப் புள்ளி மாறும், வல்லுநர்களுக்குள் வாதமும் முடியவில்லை. வறண்ட இடத்துக்கு மாற்றினால் பரவுவது நிற்கும். ரப்பர் பேண்டு, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் எதுவாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னை நேராக நிமிர்த்தித்தான் உருவ வேண்டும், நோட்டை இழுக்கக் கூடாது.

கையுறை போடுவதா வேண்டாமா? பருத்திக் கையுறையைப் பல காப்பகங்கள் தாள் வேலைக்கு விட்டுவிட்டன. விரலின் உணர்வு மங்கி, ஓரம் நூலில் மாட்டிக் கிழிகிறது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு ஓரங்களைப் பிடியுங்கள். வியர்க்கும் கை என்றால் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

பாலிமர் நோட்டுகளுக்கு இதில் பாதி பொருந்தாது. ஆஸ்திரேலியா 1988இல் வெளியிட்ட 10 டாலர் நினைவு நோட்டுக்குப் பிறகு வந்த இவை பாலிப்ரொப்பிலீன் படலம். ஈரமும் பூச்சியும் இவற்றுக்குப் பெரிய விஷயம் இல்லை. வெப்பம்தான் எமன். 120 டிகிரியை ஒட்டியே சுருங்கத் தொடங்கிவிடும், இஸ்திரிப்பெட்டி அதைத் தாண்டும். மேலே அச்சிட்ட மை தேய்ந்து உதிரலாம், அதனால் நுழைக்கும்போது உராயாத தளர்ந்த உறை வேண்டும். 1983இல் மேன் தீவு வெளியிட்ட ஒரு பவுண்டு போன்ற டைவெக் (பாலித்தீன் நாரில் செய்த தாள்) வகை நோட்டு தாத்தாவின் ஆல்பத்தில் இருந்தால் அதைத் தனியாக வைத்துவிடுங்கள். அந்த வகையில் மை எளிதில் ஈஷும்.

கடைசியாக, ஒட்டிப்போன அந்த இரண்டு மூன்று நோட்டுகள். இழுக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், பெட்ரோல், அசிட்டோன் என்று எதையும் தொடாதீர்கள். முழுப் பக்கத்தையும் ஆல்பத்திலிருந்து கழற்றி மேஜையில் கிடத்துங்கள். பையின் மூன்று ஓரங்களையும் நோட்டுக்கு வெளியே கத்தரித்து, பிளாஸ்டிக்கைப் புத்தகத்தின் அட்டைபோல் ஆக்குங்கள். பிறகு நோட்டை அசைக்காமல், பிளாஸ்டிக்கை அதன் மேலேயே மடித்து, ஒட்டாத மூலையிலிருந்து தாழ்வாக, மெதுவாக உரியுங்கள். மை பிளாஸ்டிக்கோடு வருவதைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, அப்படியே இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்து ஒரு காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். மிச்சத்தைப் பிரிக்கும் கரைப்பானை மையைச் சோதித்த பிறகுதான் தேர்ந்தெடுக்க முடியும். சுலபமாகப் பிரிந்து வந்தவற்றை உடனே புது உறைக்குள் போட வேண்டாம். உறிஞ்சுதாள்களுக்கு நடுவில், மேலே எடை வைக்காமல், தாளை அவ்வப்போது மாற்றி, பி.வி.சி. வாடை போகும்வரை விட்டுவையுங்கள். வாடை போக வாரக்கணக்கில் ஆகலாம்.